ஏழு

குழித்துறை ஒண்ணு என்றேன்.
கண்டக்டர், எங்க போணும் என்றான்.
குழித்துறை.
குளிக்கவா போறாரு, பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள்.
அன்றிலிருந்து சரியான சில்லறையை
உள்ளங்கையில் விரித்துக் காட்டுகிறேன்.
அருமனையில் ஏறுகிறவனுக்கு
அந்தச் சில்லறைதான் ஊர்ப்பெயர்.

நாக்கின் இடது ஓரம்
இப்போது என்னிடம் இல்லை.
குப்பியில் போட்டு அனுப்பினார்களாம்.
மெழுகில் பதித்து இழை இழையாகச் சீவி
கண்ணாடியில் ஒட்டி
யாரோ அளந்திருக்கிறார்கள்.
பதினோராம் நாள் வந்த தாளில்
அகலம் பதினெட்டு, ஆழம் ஏழு.
மில்லிமீட்டர்.

அகலந்தான பெருசு, என்றாள் லில்லிபாய்.
டாக்டர் பெனிட்டா பேனாவை
மேசையில் செங்குத்தாக நிறுத்தினார்.
எவ்வளவு கீழே இறங்கிச்சோ
அவ்வளவு கழுத்துக்கு வழி.

எனக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம்.
இருபத்தாறு வருஷம் பால்வெட்டு.
காலை நாலு மணி, நெற்றியில் விளக்கு,
கன்னத்தில் போயிலை, முந்நூறு மரம்.
பட்டையில் கத்தி இறங்கணும்,
தடியைத் தொடக்கூடாது.
மேலாக ஓடினால் சிரட்டை நிறையாது.
ஒரு மில்லிமீட்டர் கூடினால்
அந்த இடம் முண்டு முண்டாகப் பொருமி
அடுத்த வெட்டுக்கு உதவாது.
ஸ்கேல் வைத்து அளந்ததில்லை.
கத்தி உரசுகிற சத்தத்தில் தெரியும்.

வெட்டினவரின் கை எனக்குப் பிடித்திருந்தது.
ஓரம் சுத்தம் என்று எழுதியிருந்தது.
கட்டிக்கும் கத்திக்கும் நடுவே
ஆறு மில்லிமீட்டர் நல்ல சதை.
நோயில்லாத நாக்கு.
அதையும் கொடுத்துத்தான் வந்திருக்கிறேன்.
கழுத்தில் எடுத்த நெறிகள் இருபத்தெட்டு.
இருபத்தேழு வெறும்.
ஒன்றில், கடுகளவு.

கடுகுக்கும் ஏழுக்குமாகச் சேர்த்து
முப்பது நாள் கரண்ட் வைக்கணும் என்றார்கள்.
எல்லாம் எடுத்தாச்சுல்லா, பின்னே எதுக்கு?
லில்லிபாய் முந்திக்கொண்டாள்.
என் வாயில் எச்சில்தான் நின்றது.
கண்ணுக்குத் தெரிஞ்சதை எடுத்தாச்சு, என்றார் டாக்டர்.
மேலே ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன். மழை. எப்படியும் வெட்டு கிடையாது.
முதலில் இரண்டு கடைவாய்ப்பல் போயின.
பிறகு சூடாக்கிய வலையை முகத்தில் அமுக்கி
மூக்கை, தாடையை அச்செடுத்தார்கள்.
மேசையோடு பூட்டினால்
இமை மட்டும் என்னுடையது.
மூன்றாம் வாரம் கஞ்சித்தண்ணியின் உப்பு
தீயாக இறங்கிற்று.
ஐந்தாம் வாரம் மீன்கறிக்கு மணம் இருந்தது,
ருசி இல்லை.
இருபத்திரண்டாம் நாள்
திங்கள்சந்தையில் இறங்காமல்
பஸ்ஸிலேயே இருந்துவிட்டேன்.
குளச்சல்.
கடலைப் பார்க்கவில்லை.
ஸ்டாண்டில் உட்கார்ந்து
அதே பஸ்ஸில் திரும்பினேன்.
விட்ட நாளைக் கடைசியில் சேத்துக்கலாம், அண்ணே,
என்றான் மெஷின் பையன். திட்டவில்லை.

முடிந்த அன்று வலையைக் கையில் கொடுத்தார்கள்.
லில்லிபாய் அதை மல்லாத்தி
வைக்கோல் போட்டு வைத்திருக்கிறாள்.
கறுத்தக் கோழி அடையிருக்கிறது,
என் தாடை இருந்த இடத்தில் ஐந்து முட்டை.

முதல் வருஷம் மாசாமாசம் வரணும்.
கையுறை விரல் தையலை அமுக்கும்,
கழுத்தில் இறங்கி நெறி தேடும்.
நான் பட்டையைத் தடவுகிற மாதிரியே
கண் வேறெங்கோ இருக்கும்.
போயிலை? இல்லை.
வலி? இல்லை.
ஒண்ணுலேருந்து பத்து எண்ணுங்க.
ஆறு வரை சரளம்.
பிறகு, நாக்கு மடங்கவேண்டிய இடத்தில்
மடங்குவதற்கு ஒன்றுமில்லை.
ஏயு.
எட்டு, ஒம்பது, பத்து.
அடுத்த தேதியைச் சீட்டில் எழுதினார்.

இன்று விடிகாலை கத்தியைத் தீட்டினேன்.
கன்னம் காலி.
முதல் மரத்தில் சத்தம் சரியாக இருந்தது.
எண்ணிக்கொண்டே போவது பழக்கம்.
ஏயு என்றேன், உரக்க.
யாருமில்லை.
எட்டாவதில் சிரட்டை கவிழ்ந்து கிடந்தது.
நிமிர்த்தி வைத்தேன்.